நாற்பது ஏக்கரின் தாகம்

மேற்குப் பண்ணை வீடு, கொலராடோ
மே 8, 2012

ராய்ஸ்,

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை மைல்தான். இந்தக் கடிதம் டென்வர் வரை போய் முத்திரை வாங்கிக்கொண்டு நான்கு நாள் கழித்து உன்னிடம் வரும். வரட்டும். நேற்று உன் சரளைக்குழிக்கு வந்து எடைமேடை முன்னால் நின்று கத்தினேன். லாரிக்காரர்கள் ஜன்னலை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நீ உன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாய். கூடப்பிறந்தவன் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினால் அக்காக்காரி கடிதம்தான் எழுத வேண்டும்.

நேற்று கத்தியதில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு என் மதகைத் திறக்கப் போனேன். கால்வாய்க்காரர் லூசெரோ எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மதகுச் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடமாக எனக்குக் கையசைத்துவிட்டுப் போகிற மனிதர், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னங்க இது, என் மொறை இன்னிக்குத்தானே" என்றேன்.

"ஒங்களுக்கு மொறையே இல்லீங்களாம். இந்த நாப்பது ஏக்கர் காஞ்ச நெலம்னு பேப்பர்ல இருக்குதாம். எட்டு வருசமா."

நான் திரும்பி வயலைப் பார்த்தேன். மாட்டுத் தீவனக் குதிரைமசால் முழங்கால் உயரம் நிற்கிறது. காற்றில் அசைகிறது. பக்கத்தில் நிற்பவர் அதைக் காய்ந்த நிலம் என்கிறார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மதகுத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யார் சொன்னது என்று கேட்டேன். தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் நதி அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மிஸ் டால்பியாம். எந்தப் பேப்பர் என்று கேட்டேன். "ஒங்க தம்பி குழியோட பேப்பருங்க" என்றார்.

இருபத்திரண்டு மாடு வைத்திருக்கிறேன். உன் அத்தான் லவர்ன் போன பிறகு எனக்கு மிச்சம் இருப்பது அந்த மாடுகளும் அவற்றுக்குத் தீனி தரும் இந்த வயலும்தான். உன் குழிப் பேப்பரில் என் வயலுக்கு என்ன வேலை? ஜன்னல் வழியாகச் சொல்ல முடியாததைக் கடிதத்தில் சொல்.

ஆர்டித்


எடைமேடை அறை
மே 12, 2012

அன்புள்ள அக்கா,

ஜன்னலைச் சாத்தியது தப்பு. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் உளறியிருப்பேன். பின்னால் ஏழு லாரி நின்றது.

குழியின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், சொன்னால்தான் மற்றது புரியும். சரளை எடுக்கத் தோண்டினோம். பன்னிரண்டு அடியில் தண்ணீர் வந்தது. மண்ணுக்கு அடியில் இருட்டில் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் அது. நாங்கள் மூடியைத் திறந்துவிட்டோம். இப்போது இருபது ஏக்கருக்கு ஏரியாகக் கிடக்கிறது. வெயில் வருடத்துக்கு மூன்றடி குடிக்கிறது. அது போதாதென்று, புழுதி பறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்கள் என்று தண்ணி லாரி தினமும் ஆறு நடை தெளிக்கிறது. வெயில் குடித்ததையும் லாரி குடித்ததையும் நாங்கள் ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் நமக்கு முன்பே உரிமை வாங்கினவர்கள் கீழே இருக்கிறார்கள். இதெல்லாம் சட்டம்.

திருப்பித் தர எங்கள் கையில் தண்ணீர் இல்லை. 2004 வறட்சியில் குழியை மூடச் சொல்லும் நிலை வந்தது. அப்போது அத்தான் என்னிடம் வந்தார். உங்கள் பண்ணையின் கால்வாய்த் தண்ணீர்ப் பங்குகளில் எட்டைக் குழிக்கு எழுதிக் கொடுத்தார். உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

பங்கு கொடுத்தால் அந்தப் பங்கு பாய்ந்த நிலம் ஒன்றைக் காய விட வேண்டும். ஒரே தண்ணீரை வயலும் குடித்து ஆறும் குடிக்க முடியாது இல்லையா. கிழக்கே அந்த உவர் நிலம் நாற்பது ஏக்கர் இருக்கிறதே, புல்கூட முளைக்காமல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அதைத்தான் காய விடுவதாகப் பேச்சு. வரைபடம் போட்ட எஞ்சினியர் கிழக்கையும் மேற்கையும் மாற்றிவிட்டிருப்பார். நான் பேசிச் சரிசெய்கிறேன். நீ கவலைப்படாதே.

உன் தம்பி,
ராய்ஸ்


மேற்குப் பண்ணை வீடு
மே 18

ராய்ஸ்,

கவலைப்படாதே என்று நீ எழுதியது வந்து சேர்ந்த அன்றே கிரீலியில் இருக்கும் நதி அலுவலகத்துக்குப் போய்விட்டேன். மிஸ் டால்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பெண். காபி கொடுத்து, உன் குழியின் ஃபைலை என் முன்னால் விரித்து வைத்தாள்.

எஞ்சினியர் எதையும் மாற்றவில்லை.

உவர் நிலத்தைக் காய விட்டால் ஆற்றுக்கு ஒரு சொட்டும் மிச்சமாகாதாம். "பயிர் நிஜமா குடிச்ச தண்ணியத்தான் கணக்குல எடுப்போம்மா. அங்க பயிரே இல்ல, யாரு குடிச்சாங்க?" என்றாள். அதிகம் குடித்த நிலம்தான் வேண்டுமாம். நம் பண்ணையில் அதிகம் குடித்தது எது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். என் மேற்கு வயல்தான். நன்றாக விளைந்ததுதான் அதன் குற்றம்.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். லவர்ன் கையெழுத்து. அதன் கீழே என் கையெழுத்து.

என்னுடையதுதான். யாரும் போலியாகப் போடவில்லை. எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அக்டோபர். சர்க்கரைப் பீட்ரூட் அறுவடை. மண் உறைவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பேய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தோம். லவர்ன், வயலின் ஓரத்தில் பிக்கப் வண்டியை நிறுத்தி, பானட் மேல் காகிதத்தை வைத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடு" என்றார். நான் வலது கை உறையை மட்டும் கழற்றினேன். இரண்டு கையெழுத்தையும் போட்டுவிட்டு உறையை மாட்டிக்கொண்டேன். என்ன என்று கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்ததில், அவர் நீட்டிய எதையும் நான் படித்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் காட்டினாள். எட்டு வருடமாக ஒவ்வொரு அக்டோபரும் "நிலம் காய்ந்தே இருக்கிறது" என்று உறுதிமொழியும் புகைப்படமும் போயிருக்கின்றன. படத்தில் இருப்பது உவர் நிலம். கையெழுத்து உன்னுடையது.

"ஒங்க தம்பிக்கு எந்த வயல்னு தெரியாம இருந்திருக்கலாம்" என்றாள் அந்தப் பெண். பாவம், உனக்காகப் பேசினாள்.

தெரியாதா, ராய்ஸ்? உனக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாதா?

ஆ.


எடைமேடை அறை
மே 24

அக்கா,

தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எட்டு வருடம் மறைத்தேன். போன கடிதத்திலும் மறைத்தேன். எழுதிப் போட்ட மறுநிமிடமே தபால்பெட்டிக்குள் கையை விட்டு எடுக்கப் பார்த்தேன், எட்டவில்லை.

முதல் வருடம் எனக்கு நிஜமாகவே தெரியாது. உவர் நிலம் என்றுதான் நம்பினேன். அடுத்த வசந்தத்தில் ஆற்றுக்குத் தண்ணீர் திருப்பும் நேரம் வந்தபோதுதான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அத்தானிடம் ஓடினேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பங்கை எழுதிக் கொடுக்கும்போதே தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

"ரெண்டு வருசம் பொறுடா. நான் ஓய்வெடுத்துக்கிறேன். மாட்டையெல்லாம் குடுத்துட்டா அந்த வயலுக்குத் தண்ணி எதுக்கு? ஒங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காத" என்றார்.

சரி, இரண்டு வருடம்தானே என்று ஒத்துக்கொண்டேன். ஆற்றுக்குத் திருப்பும் மதகின் சாவி என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்ததாக எழுதுவேன், திறக்க மாட்டேன். தண்ணீர் நேரே உன் வயலுக்கு வரும். உவர் நிலத்தைப் படம் எடுத்து அனுப்புவேன். இரண்டு வருடம் நான்காயிற்று. ஒவ்வொரு ஜூனிலும் முதல் அறுப்பு நடக்கும்போது நீ டிராக்டரில் பாடிக்கொண்டே போவாய். அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் சொல்றேன்டா" என்பார்.

2010இல் அவர் அதே வயலில் மண்வெட்டியோடு விழுந்தார். அதற்குப் பிறகு உன்னிடம் எப்படிச் சொல்வது? அவர் செத்த வயலைப் பிடுங்க வந்தேன் என்றா?

நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். குழியும் ஓட வேண்டும், நீயும் அழக்கூடாது என்று நினைத்தேன். இரண்டையும் ஆற்றின் தலையில் கட்டினேன்.

ஜூலை 16 அன்று விசாரணை. குழியின் அனுமதி போகலாம். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். போனால் போகட்டும். உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன்.

ராய்ஸ்


மேற்குப் பண்ணை வீடு
ஜூன் 4

ராய்ஸ்,

ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், முதல் அறுப்பை அறுத்தேன், ஞாயிறு கோயிலுக்குப் போனேன். ஏதோ ஒரு கனவில் வேறு யாருடைய வேலையையோ செய்கிற மாதிரி இருந்தது.

லவர்ன் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்து எவ்வளவு நேரம் கத்துவது. உன் மேல் கோபப்படுவது சுலபம், அதனால் அதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது டெல்மாவைப் பற்றி.

கோயிலில் எனக்குப் பக்கத்து இருக்கை டெல்மாவுடையது. ஆற்றின் கீழ்ப்போக்கில், ஒன்பது மைல் தள்ளி இருக்கிறாள். போன ஆகஸ்டில் அவர்கள் கால்வாய் வற்றிப்போய் மக்காச்சோளம் நின்ற இடத்திலேயே கருகியது. பசுக்களை விற்றார்கள். நான் ஒரு பெரிய தட்டு நிறைய முட்டைக்கோஸ் அடைத்த பன் சுட்டு எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்லப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? "மேல இருக்கிறவங்க கொஞ்சம் நியாயமா எடுத்திருந்தா ஒங்களுக்கு இந்தக் கதி வருமா" என்றேன்.

மேலே இருந்தது நான்தான், ராய்ஸ். அவளுடைய தண்ணீரைக் குடித்த வாயாலேயே அதைச் சொன்னேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் அவளைக் கார்ப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பங்கு, மதகு, எட்டு வருடம், என் கையெழுத்து. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கார் டிக்கியைத் திறந்து என் தட்டை எடுத்துக் கொடுத்தாள். கழுவித் துடைத்த தட்டு.

காலியாக இருந்தது.

நம் ஊரில் யாராவது தட்டைக் காலியாகத் திருப்பித் தந்து பார்த்திருக்கிறாயா? நான்கு முட்டையாவது, ஒரு கைப்பிடி பிளம்ஸாவது வைத்துத்தான் தருவார்கள். பத்து மாதமாக எதையாவது வைத்துத் தர வேண்டும் என்றுதான் வைத்திருந்திருப்பாள். நான் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரை ஓட்டி வந்தேன்.

ஆர்டித்


எடைமேடை அறை
ஜூன் 10

அக்கா,

டெல்மாவிடம் நான் போயிருக்க வேண்டும். நீ முந்திக்கொண்டாய். நம் தண்ணீர் மட்டும் அவர்கள் சோளத்தைக் காப்பாற்றியிருக்காது, அவ்வளவு பெரிய கால்வாய்க்கு இது ஒரு குவளைதான். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. குவளை என்றாலும் அவர்களுடைய குவளை.

குழியை மூடிவிடலாம் என்று வக்கீலிடம் சொன்னேன். சிரித்தார். "மெஷினை நிறுத்தலாம், ஆளுங்களை அனுப்பலாம். ஏரியை எப்படி நிறுத்துவீங்க? நீங்க செத்த பொறகும் வெயில் அதைக் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஒங்க பேரப்பிள்ளைங்க திருப்பித் தந்துக்கிட்டே இருப்பாங்க" என்றார். மண் போட்டு மூடலாம்தானே என்றேன். எடுத்த சரளை எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நெடுஞ்சாலையில் இருக்கிறது.

பதினைந்து வருடமாக இதே தொழில் செய்கிறேன். அன்றைக்குத்தான் ஏரியைப் பார்த்துப் பயந்தேன்.

மிஸ் டால்பி இன்னொன்றும் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், ஆனால் இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மதகைப் பூட்டினது போதாதாம். குதிரைமசாலின் வேர் பதினைந்து அடி இறங்குமாம். மேலே தண்ணீர் விடாவிட்டாலும் அது கீழிருந்து குடித்துக்கொண்டே இருக்கும். நிலத்தடி நீரும் ஆற்று நீர்தான். அதனால் பயிரைக் காய விட்டால் போதாது, கொல்ல வேண்டும். ஆழ உழுது வேரை அறுக்க வேண்டும். விசாரணைக்கு முன்னால் அது நடந்தால், பழைய எட்டு வருடத் தண்ணீரை நான் புதிதாகப் பங்கு வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தர விடுவார்களாம்.

நான் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ராய்ஸ்


மேற்குப் பண்ணை வீடு
ஜூலை 9

ராய்ஸ்,

உழுதுவிட்டேன்.

பதினாறு மாட்டை வியாழக்கிழமைச் சந்தையில் கொடுத்தேன். ஆறு இருக்கிறது. வாங்கின வைக்கோலில் ஆறுதான் பிழைக்கும். உப்பைத் தின்றவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டேன், இனி உப்பைத் தின்கிறேன்.

ஆள் வைத்துச் செய்யலாம் என்று லூசெரோ சொன்னார். பூட்டுப் போட்ட கையோடு பரிதாபமும் படுகிறார். நானே ஓட்டினேன். மூன்று நாள். மலைப்பக்கம் காடு எரிகிற புகை வேறு, சூரியன் செப்புக்காசு மாதிரி தொங்கியது. பயிர் பச்சையாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் சொட்டுத் தண்ணீர் இல்லை, நூறு டிகிரி வெயில், அப்படியும் பூத்திருந்தது. தேனீக்கள் கலப்பைக்கு முன்னால் எழுந்து எழுந்து போயின.

முதல் நாள் மத்தியானம் வண்டியை நிறுத்தி இறங்கி, அறுந்த வேர் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமன். நுனி ஈரமாக இருந்தது. மிஸ் டால்பி சொன்னது நிஜம். இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் கீழே அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் எல்லோருமே அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

லவர்ன் விழுந்த இடத்தை மட்டும் உழவில்லை. ஒரு கட்டில் அளவு. கலப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனேன். சட்டப்படி தப்பு என்று தெரியும். அவர் செய்ததை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அவர் மேல் கலப்பையை ஓட்டக் கை வரவில்லை.

அக்டோபரில் நீ படம் எடுப்பாய் இல்லையா. உவர் நிலத்துக்குப் போகாதே. இங்கே வா. அந்தப் பச்சையையும் சேர்த்து எடு. அதை விட்டுவிட்டு எடுத்தாயானால் இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

நேற்றிலிருந்து காற்று. வயல் முழுக்க எழுந்து வீட்டுக்குள் வருகிறது. மேசை, படுக்கை, வெண்ணெய் எல்லாவற்றிலும் மண். ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ சாத்தின அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

ஆர்டித்


எடைமேடை அறை
ஜூலை 20

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை, உன் கதவடியில் செருகுகிறேன். படித்து முடித்ததும் வாசலைப் பார், வண்டி நிற்கும்.

விசாரணை முடிந்தது. குழி ஓடும். நான் நின்றுகொண்டே எட்டு வருடத்தையும் ஒவ்வொன்றாக வாயால் சொன்னேன். டெல்மாவின் புருஷன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து போய்விட்டார். தெரிந்தவர்களுக்கு அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவது உனக்குத் தெரியும். தொடவில்லை.

அந்தக் கட்டில் அளவு பச்சையை நானே சொல்லிவிட்டேன், அக்டோபர் வரை காத்திருக்கவில்லை. மிஸ் டால்பி காகிதத்தில் குறித்துக்கொண்டாள். "அளந்து எழுதுங்க. அது குடிக்கிறதையும் ஆத்துக்குத் திருப்பிக் குடுங்க. எனக்கு அவ்வளவுதான்" என்றாள். அளந்தேன். ஆறடிக்கு எட்டடி.

திங்கட்கிழமை இங்கிருந்து பார்த்தேன். உன் வீடே தெரியவில்லை. பழுப்பாக ஒரு சுவர்தான் நின்றது. உன் பாதைக்கும் முற்றத்துக்கும் தண்ணி லாரியை அனுப்பலாமா என்று மிஸ் டால்பியிடம் கேட்டேன். அனுப்பலாமாம், ஒரு நாளைக்கு மூன்று நடை. ஆனால் அந்தத் தண்ணீரும் கணக்கில் வரும், அதற்கு ஈடாக வேறெங்கோ ஓர் இடம் காய வேண்டும் என்றாள். என் குழியின் புழுதியை அடக்கத்தான் உன் வயல் காய்ந்தது. இப்போது உன் வயலின் புழுதியை அடக்க இன்னொன்று காய வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நான் அலுவலக வாசலில் காரைத் திறக்கத் தெரியாதவன் போலக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு வீட்டுக்கு வந்து என் வீட்டைச் சுற்றியிருந்த இரண்டு ஏக்கர் புல்தரையை உழுதுவிட்டேன். வேலியோரம் வரை, வேரோடு. அதன் தண்ணீர் இனி ஆற்றுக்குப் போகும். உன் வாசலில் இன்று முதல் நடை, லாரியை நானே ஓட்டி வந்திருக்கிறேன். கதவைத் திற அக்கா.

சாயங்காலத்துக்குள் நான் திரும்பிப் போக வேண்டும். காலையிலிருந்து என் வீட்டுப் பக்கமும் புழுதி பறக்கிறது.

ராய்ஸ்